எனக்குத் தெரிந்த ஒரே வேலைக்கு ஒரு பாடம்

கண்ணு,

நீ அனுப்பிய லிங்க்கை நான் திறக்கவில்லை. திறக்கப் போவதும் இல்லை. ஏன் என்று போனில் சொல்ல முயன்றேன். "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் எனக்குப் பழக்கமான வழியில் எழுதுகிறேன். கொல்லிமலையில் லாரி கவிழ்ந்ததையும், மிளகு விலை விழுந்ததையும், அமைச்சர் வந்து போனதையும் எழுதியே வயதான கை இது. நேரில் பேசினால் எனக்குப் பாதிதான் வரும், எழுதினால் முழுசாக வரும். அப்பா இதைப் போய்ப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று உனக்குச் சங்கடமாக இருக்கலாம். நீயும் என்னைப் பற்றி முகம் தெரியாதவர்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதினாய். எழுதும் முன் என்னைக் கேட்கவில்லை. நான் உன் பெயரையாவது விட்டுவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் அம்மா இறந்து கருமாதி முடிந்ததும் நீ என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஒரு வாரம் இருந்தேன். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய காலையில், நீ வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, "நான் இங்கயே இருந்துக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டேன். வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகளிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். இதைக் கேட்பதற்குத்தான் இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. மருமகள் காது கொடுத்தாள் என்று தெரிந்தது. நீ நிமிராமல், "பேசலாம்ப்பா" என்றாய். மறுநாள் பஸ் ஏற்றிவிட்டாய். அடுத்த மாதம் ஒரு பார்சல் வந்தது.

நம் வீட்டுக்குக் கூரியர்காரன் வரமாட்டான் என்று உனக்குத் தெரியும். நாமக்கல்லில் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். கண்டக்டர் மலை மேல் செம்மேட்டு நிறுத்தத்தில் இறக்கி, "ரிப்போர்ட்டர் ஐயாவுக்குப் பொட்டி வந்திருக்குதுங்க, சவப்பொட்டியாட்டம் நீளமா" என்று சத்தம் போட்டார். பிரித்தால் பாட்டு வாசிக்கிற கீபோர்டு. அன்று மாலை நீ போன் செய்தாய். "வயசானா புதுசா ஏதாவது கத்துக்கணும்ப்பா. மூளை சுறுசுறுப்பா இருக்கும். தினம் ஒரு மணி நேரம் போதும். எல்லாம் வீடியோவுல இருக்கு, பிகினர்ஸுக்குன்னே தனியா இருக்கு" என்றாய். நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மகன் ஆசையாக வாங்கி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். மேசையைத் துடைத்து அதன் மேல் வைத்தேன்.

வீட்டில் இருந்தபடியே கற்றுக்கொள்ளலாம் என்று நீ சொன்னாய். நம் வீடு சரிவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே சிக்னல் எட்டாது. இதை நீ எப்படி மறந்தாய் என்று தெரியவில்லை. காலேஜ் படித்தபோது நீயே ரோட்டு வளைவில் செல்லம்மா கடைக்குப் போய் நின்றுதான் போன் பேசுவாய். அதனால் நானும் செல்லம்மாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். கட்டைகள் எங்கே, விரல் எங்கே என்று பார்த்து மனதில் போட்டுக்கொண்டு, மேடு ஏறி வீட்டுக்கு வந்து வாசிக்க உட்காருவேன். வரும் வழியிலேயே பாதி மறந்திருக்கும். மீதி மறப்பதற்குள் கரண்ட் போகும். அதனால் பிறகு கடை மேசையிலேயே விரலைத் தட்டிப் பழகினேன். செல்லம்மா சும்மா இருப்பாளா? "ஏனுங்கண்ணா, போனுக்குள்ள இருக்கறவன் கை குருவியாட்டம் பறக்குது. உங்க கை என்னங்க, குச்சிக்கிழங்கு புடுங்கற மாதிரி இருக்குது?" என்பாள். பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்யும் சடையன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அவுரு இத்தன வருசம் ஒத்த வெரல்ல நியூஸ் அடிச்சவருங்க. மத்த ஒம்பது வெரலுக்கும் இப்பத்தான் டூட்டி போட்டிருக்காங்க, பழக வேண்டாமா?" என்பான். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்தது ஓவியம் பழகும் பெட்டி. அதற்கடுத்தது ரொட்டி சுடும் அடுப்பும் ஒரு புத்தகமும். மலைக் குளிரில் மாவு உப்பவே இல்லை. இரண்டு நாள் கம்பளி போர்த்தி வைத்தும் பார்த்தேன். சுட்டு எடுத்ததைச் சடையன் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "குடுங்க, எங்க ஊட்டு நாய்க்குப் பல்லு கூராவட்டும்" என்று கொண்டுபோனான். நாய் அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அந்த ரோட்டு வளைவில் போய் நிற்பேன், நீ போன் செய்வாய், தவறியதில்லை. எடுத்ததும் நீ கேட்பது ஒன்றுதான்: "இந்த வாரம் என்னப்பா கத்துக்கிட்டீங்க?" சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைக்க எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருப்பேன். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் இரண்டு பேருக்கான சோறுதான் வந்தது. உன் அம்மா இருந்தவரை அரிசியின் அளவு அவள் கைக்குத்தான் தெரியும். சாயங்காலம் கதவைச் சாத்துவதா, திறந்து வைப்பதா என்று தெரியவில்லை. சாத்தினால் மூச்சு முட்டியது. திறந்து வைத்தால் யாரோ வருவார்கள் என்று காது வாசலிலேயே இருந்தது. மாத்திரை போட்டோமா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. நர்ஸ் பெண்டாட்டியோடு வாழ்ந்தவனுக்கு மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது. இவற்றுக்கெல்லாம் நான் தொடக்கநிலை மாணவன்தான். இதற்கு வீடியோ இருக்கிறதா என்று நீயும் தேடவில்லை, நானும் தேடவில்லை. "கீபோர்டுல ஒரு பாட்டு வந்துருச்சு கண்ணு" என்று சொன்னேன். பாட்டு எதுவும் வரவில்லை. "சூப்பர்ப்பா" என்று நீ சந்தோஷப்பட்டாய். அந்தச் சந்தோஷத்தைக் கேட்கத்தான் அடுத்த வாரமும் ஒரு பொய் சொன்னேன்.

அதை நீ இணையத்தில் எழுதினாய். கீபோர்டு முன்னால் நான் உட்கார்ந்திருக்கும் படம். தீபாவளிக்கு வந்தபோது நீ எடுத்தது. 'தனிமையை வென்ற என் அப்பா' என்று தலைப்பு. சடையன்தான் போனில் காட்டினான். "நம்ம தம்பி உங்களப் பத்தி நல்லாப் போட்டிருக்குதுங்க. எத்தன பேரு கைதட்டியிருக்காங்க பாருங்க" என்றான். கீழே உன் ஆபீஸ்காரர் யாரோ எழுதியிருந்தார்: 'கொடுத்து வைத்தவன் நீ. எங்கள் வீட்டில் இரண்டு பெரியவர்களும் நாள் முழுக்க டிவி முன்னால்தான்.' நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். செய்தி படித்துப் பழகியவனுக்கு எந்த வரியில் விஷயம் இருக்கிறது என்று தெரியும். அந்த இரண்டு பெரியவர்களும் அவர் வீட்டில் இருக்கிறார்கள். அப்போதுதான் அந்தக் கீபோர்டு எதற்கு வந்தது என்று எனக்குப் புரிந்தது.

கற்றுக்கொள்வதை நான் பழிக்கவில்லை. நீ அனுப்பியதில் அந்த வண்ணப் பெட்டி எனக்குப் பிடித்திருந்தது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. மிளகுக் கொடியின் பச்சையைக் கொண்டுவர ஒரு மாதம் கலந்து கலந்து பார்த்தேன். நீலம் கொஞ்சம் கூடினால் சாயம் போன சேலை நிறம் வருகிறது. மஞ்சள் கூடினால் வாழை. இன்றுவரை அந்தப் பச்சை வரவில்லை. வராவிட்டாலும் ஒரு மத்தியானம் முழுக்க அதில் போய்விடும். அது நல்ல மத்தியானம். நீயும் ஏதாவது பழகு. கோணலாக வரட்டும், யாருக்கும் காட்டாதே, யாருக்கும் கணக்குச் சொல்லாதே. ஆனால் ஒருவன் உன்னிடம் வந்து எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று சொன்னால், அவன் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுக்காதே. முடியாது என்று சொல். எங்கள் வீட்டில் இடமில்லை, எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல். அழுதுவிட்டுப் பஸ் ஏறிவிடுவான். அவனுக்கு அது போதும்.

பேத்தி பிறந்தாள். பெயர் வைக்கும்போது வந்து பார்த்தேன். மருமகள் என் மடியில் வைத்தாள். நீ படம் எடுத்தாய். எடுத்து முடித்ததும் உன் மாமியார் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். ஊருக்கு வந்து உலையில் ஒரு ஆள் சோறு பொங்கினேன். அதற்குள் அளவு பழகிவிட்டது. கதவைச் சாத்தப் பழகிவிட்டது. எப்போது பழகியது என்று எனக்கே தெரியாது.

பிறகு போன வாரம் உன் போன். ஞாயிற்றுக்கிழமை அல்ல, புதன்கிழமை. நான் செல்லம்மா கடையில் இருந்தேன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போடுவது என் வழக்கம். நீ பேசியதைக் கடையே கேட்டது. "அப்பா, இங்க வந்துருங்க. இனி எங்ககூடவே இருங்க. உங்களுக்குத் தனி ரூம் ரெடி பண்ணிட்டோம்" என்றாய். செல்லம்மா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சில நொடிகளில் நான் வீட்டைப் பூட்டிவிட்டேன், சாவியைச் சடையனிடம் கொடுத்துவிட்டேன், பஸ் ஏறி வளைவுகளில் இறங்கிக்கொண்டும் இருந்தேன். பிறகு நீ தொடர்ந்தாய். "பாப்பாவைப் பாத்துக்கிட்ட ஆயா வேலைய விட்டு நின்னுட்டாங்கப்பா. உங்க மருமக ஒண்ணாம் தேதி ஆபீஸ் போகணும். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான், உங்களுக்குச் சின்னக் குழந்தையெல்லாம் பழக்கமில்லையேன்னு. அதுக்கு நான் ஒரு லிங்க் அனுப்பறேன். குழந்தையைக் குளிப்பாட்டறது, சாப்பாடு ஊட்டறது எல்லாம் இருக்கு. தாத்தா பாட்டிங்களுக்கான கோர்ஸ். பிகினர்ஸ்தான், ஈசியா இருக்கும். வர்றதுக்குள்ள முடிச்சிருங்கப்பா."

நான் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். செல்லம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏனுங்கண்ணா, இவனக் காலு மேல போட்டு நீங்க குளிப்பாட்டறத நாங்க பொம்பளைங்க எல்லாம் வேலிக்கு மேல எட்டி எட்டிப் பாத்துச் சிரிச்சமே. அவனுக்கு இத யாருமே சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை, கண்ணு. இப்போது சொல்கிறேன். உன் அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்தவள், மலைக்காரனையே கட்டிக்கொண்டாள். அந்தக் கோபத்தில் அவளைப் பெற்ற உன் அம்மாயி, மகள் பிரசவத்துக்குக்கூட மலை ஏறவில்லை. என் அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். லீவு முடிந்ததும் உன் அம்மா டூட்டிக்குப் போய்விட்டாள். அவள் போகாவிட்டால் இந்த மலையில் மற்றப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க ஆள் இல்லை. எனக்கு ஆபீஸ் கிடையாது. செய்தி நடந்தால்தான் வேலை. ஆகவே உன்னை வளர்த்தது நான். பின்கட்டில் பலகை போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, அதன் மேல் உன்னைக் கிடத்திக் குளிப்பாட்டினேன். நம் பக்கத்தில் ஆண்பிள்ளை எவனும் செய்யாத வேலை அது. புதிதாகக் கல்யாணம் ஆகி வந்திருந்த செல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அக்கா, வந்து பாருங்க, ரிப்போர்ட்டரு தாயாயிட்டாரு" என்று மற்றவர்களைக் கூப்பிடுவாள். எனக்குக் காது சிவக்கும். கையை எடுத்தால் நீ வழுக்கி விழுவாய். அதனால் எழுந்து போக முடியாது. அப்படியே உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடம் சேரும்வரை உன்னைப் பைக் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டுதான் மலையின் தேவனூர் நாட்டு, பைல் நாட்டு ஊர்களுக்கெல்லாம் செய்திக்குப் போனேன். இந்த உலகத்தில் எனக்கு உண்மையாகவே தெரிந்த வேலை அது ஒன்றுதான். செய்தி எழுதுவதுகூட அரைகுறைதான். மலைக்குக் கீழே பத்திரிகை அலுவலக மேசையில் இருப்பவர்கள் திருத்தித்தான் போட்டார்கள். உன்னை வளர்த்ததை யாரும் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டுமோ என்னவோ.

செல்லம்மா அன்று என்னை உடனே வீட்டுக்குப் போகவிடவில்லை. "கோவப்படாம போங்கண்ணா. அவன் தெரியாமப் பேசிட்டான். கைக்கொழந்தை என்னங்க பண்ணுச்சு?" என்றாள். சடையனும், "உங்க காட்டு மொளக நான் பறிச்சுக் காய வெச்சர்றனுங்க. நீங்க கெளம்புங்க" என்றான். அவர்கள் சொன்னது நியாயம்தான். வீட்டுக்கு வந்து சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். பேத்தியின் கனம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், இந்நேரம் கூடியிருக்கும். பையை மூடப் போகும்போது ஒன்று தோன்றியது. அவள் வளருவாள். இன்னும் மூன்று வருடத்தில் பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து நிற்கும். அதன் பிறகு அந்தத் தனி ரூமில் ஒரு கிழவனுக்கு என்ன வேலை? நீ கெட்டவன் இல்லை. திட்டமாட்டாய், போகச் சொல்லமாட்டாய். "அப்பா, மலைக் காத்துதான் உங்களுக்கு ஒத்துக்கும்" என்பாய். நான் பஸ் ஏறுவேன். அடுத்த மாதம் செம்மேட்டில் ஒரு பார்சல் இறங்கும்.

தனியாக இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முறைதான் முடியும். அதைக் கற்றுக்கொண்டேன். நீ அனுப்பிய எந்தப் பெட்டியாலும் இல்லை. கற்றுக்கொள்ளாவிட்டால் செத்துவிடுவேன் என்பதால். அதை மறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க இந்த உடம்பில் தெம்பு இல்லை. அதனால் நான் வரவில்லை. சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். மருமகளிடம் நான் கோபம் என்று சொல்லாதே. அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. குழாயை நிறுத்தியவள் அவள்தான். ஆனால் நான் கேட்டது உன்னிடம்.

இனிக் குழந்தையைப் பற்றி. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று நீதான் சொன்னாய். ஆகவே நீ செய். உன் பெண். காலையில் உன் முதல் மீட்டிங்குக்கு முன்னால் குளிப்பாட்டு. பாத்ரூமில் உயரம் குறைந்த பலகையைப் போட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார். கடிகாரத்தைக் கழற்றிவிடு, மோதிரத்தையும் கழற்று. வேண்டியதையெல்லாம் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார். உட்கார்ந்த பிறகு போன் அடித்தால் எடுக்கக்கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. தண்ணீரை முழங்கையில் விட்டுப் பார். உள்ளங்கை சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், உண்மையைச் சொல்லாது. கால் இரண்டையும் சேர்த்து நீட்டி, அவளைக் குப்புறப் போட்டு முதுகுக்கு முதலில் ஊற்று. பிறகு திருப்பு, திருப்பும்போது கழுத்துக்குக் கை கொடு. மூக்கில் ஊதாதே, எண்ணெய் விடாதே. பெரியவர்கள் யாராவது சொன்னாலும் கேட்காதே, உன் அம்மா அதற்காக இந்த மலையில் பல பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள். தலைக்கு ஊற்றும்போது இடது கையை நெற்றியில் அணை மாதிரி வை. கண்ணில் தண்ணீர் படாது. அழுவாள். வீடே அதிர அழுவாள். பயந்து அவசரப்படாதே. அழும்போது அவளுக்கு வேண்டியது உன் குரல். என்ன பேசினாலும் போதும், நிறுத்தாமல் பேசு. நான் உன்னிடம் அன்றைக்கு அனுப்ப வேண்டிய செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். காரவள்ளியில் மரம் சாய்ந்து ரோடு அடைத்தது, சந்தையில் மிளகு விலை இறங்கியது, நாளைக்கும் மழை இருக்கும். நீ அழுகையை நிறுத்திவிட்டு, ஈரக் கண்ணைக் கொட்டாமல் என் வாயையே பார்ப்பாய்.